பதிவு எண் பதினேழும் பழைய மாணவர் சங்கமும்

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் கோயில் பார்க்கிறார்கள், பட்டுப்புடவை வாங்குகிறார்கள், பஸ் ஏறிவிடுகிறார்கள். ஊரின் மூன்றாவது பெருமை அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. அது ராஜ வீதியில் ஒரு காபி ஹோட்டலின் மாடியில், மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடும், பன்னிரண்டரைக்குக் கலையும். வேகவதிக் கலைக் கல்லூரிப் பழைய மாணவர் சங்கம் என்பது அதன் திருநாமம். 1963-இல் தோன்றியது முதல் எட்டு வருஷத்தில் தொண்ணூற்றாறு கூட்டங்கள். அவற்றில் ஒன்றிலாவது எதையாவது செய்துவிட்டார்கள் என்று எதிரிகூடச் சொல்ல முடியாது.

இந்தத் தூய்மைக்குக் காவலாக இருந்தவர் செயலாளர் அப்பாதுரை. முசரவாக்கத்து விவசாயக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. தாலுகா ஆபீசில் குமாஸ்தா. அவர் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் அழகே தனி. இரண்டு உறுப்பினர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டால் 'கருத்துப் பரிமாற்றம் நிகழ்ந்தது' என்று எழுதுவார். தலைவர் குறட்டை விட்டால் 'தலைவர் ஆழ்ந்து பரிசீலித்தார்'.

தலைவர் கலியாணசுந்தரம் பெரிய பட்டு ஜவுளிக்கடைக்காரர். பி.ஏ.வை நான்கு தடவை எழுதியவர். கல்லூரியைவிட்டுப் போக மனமில்லாத பற்று என்று அவரே மேடையில் விளக்கம் சொல்லியிருக்கிறார். தாலுகா ஆபீஸ் தாசில்தார் அவருடைய மைத்துனர். அப்பாதுரை தலைவரிடம் வைத்திருந்த மரியாதைக்கு இது மட்டுமே காரணம் என்று சொல்வது அநியாயம். வேறு காரணம் கிடைத்தால் சொல்லலாம்.

1964-இல் சங்கத்துக்கு ஒரு சோதனை வந்தது. கிருஷ்ணவேணி என்பவர் உறுப்பினராக விண்ணப்பம் போட்டார்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண். கல்லூரியின் முதல் வகுப்பில் இருந்த ஒரே பெண், பதிவு எண் பதினேழு. மூன்று வருஷமும் எல்லாப் பாடத்திலும் அவர்தான் முதல். கடைசிப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்த வாரம் அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. தறியில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை, வாசலில் கல்யாண வீட்டுக்காரர்கள். ஹால் டிக்கெட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, அந்தப் பெண் தறிக்குழியில் இறங்கிவிட்டது.

விண்ணப்பத்தைப் பார்த்த தலைவர், "விதியில 'மாணவர்'னுதான் இருக்குது. 'மாணவி'ன்னு இல்லியே?" என்றார். மூவர் கொண்ட உபகுழு அமைக்கப்பட்டது. குழு நான்கு வருஷம் இலக்கணத்தை ஆராய்ந்து, 'மாணவர்' என்ற சொல் பெண்ணையும் குறிக்கும் என்று அறிக்கை கொடுத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கியதும் தலைவர் அடுத்த ஐயத்தை எழுப்பினார். "சரிபா, அவங்க பழைய மாணவரா?" இன்னொரு உபகுழு. 1970-இல் இரண்டாவது அறிக்கை வந்தது: 'படிப்பை முடித்தவரே பழைய மாணவர். முடிக்காதவர் இன்னும் மாணவர். ஆகவே விண்ணப்பதாரர் நடப்பு மாணவி. நடப்பு மாணவியைப் பழைய மாணவர் சங்கத்தில் சேர்க்க விதி இல்லை.'

"அரே பாய்," என்று எழுந்தார் சரிகை வியாபாரி லியாகத் அலி. "அந்தம்மா நோட்டைப் பார்த்துத்தானே நாம எல்லாரும் பாஸ் பண்ணோம்?"

'உறுப்பினர் ஒருவர் பொருளுக்குப் புறம்பாகப் பேசினார்' என்று அப்பாதுரை எழுதினார். எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது. கிருஷ்ணவேணியின் சரித்திர நோட்டு ஒன்று, இரவல் வாங்கியது, இன்னமும் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது.

அடுத்த வருஷம் ஐப்பசியில் அடைமழை. வேகவதியில் வெள்ளம் வந்து கல்லூரிக்குள் இடுப்பளவு தண்ணீர். நூலகம் முழுகிவிட்டது. இரண்டு வாரத்தில் பல்கலைக்கழகக் குழு வருகிறது. நூலகம் இல்லையென்றால் கல்லூரிக்கு அங்கீகாரமும் இல்லை.

சங்கம் கொதித்தெழுந்தது. உடனே அவசரக் கூட்டம் அறிவித்தது. அவசரக் கூட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது விதி.

அந்தப் பதினைந்து நாளில் கிருஷ்ணவேணி தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், ஊறிப்போன புத்தகங்களை மாட்டு வண்டியில் ஏற்றிப் பிள்ளையார்பாளையத்துக்குக் கொண்டுவந்தார். விடிகாலையில் பாவு நூலை இழுத்துக் கட்டும் தெரு அது. அதே கழிகளை நட்டு, கயிறு கட்டி, ஒவ்வொரு புத்தகமாக விரித்துத் தொங்கவிட்டார்கள். மழை விட்ட நேரமெல்லாம் தெரு நீளத்துக்குப் பொருளாதாரமும் சரித்திரமும் காய்ந்துகொண்டிருந்தன. தூறல் போட்டால் வீட்டுக்குள், தறிக்கு மேலே. பிரிந்த முதுகுகளைப் பட்டு நூலால் தைத்தார்கள், கஞ்சிப் பசை போட்டு ஒட்டினார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரம் புத்தகம் அலமாரிக்குத் திரும்பியது. குழு வந்து பார்த்தது. "சோறு வடிச்ச வாசனை வருதே?" என்றார் குழுத் தலைவர். அங்கீகாரம் தப்பித்தது.

அவசரக் கூட்டத்தில் நூல்களுக்கு இரங்கல் தீர்மானம் தயாராக இருந்தது. லியாகத் அலி எழுந்து, "புக்கெல்லாம் பொழைச்சிக்கினுதுபா" என்று தெரிவித்தார். உடனே, 'ஆழ்ந்த வருத்தம்' என்ற இடத்தில் 'ஆழ்ந்த பெருமிதம்' என்று திருத்தி, நூலகத்தைக் காப்பாற்றியதற்காகச் சங்கம் தன்னையே பாராட்டிக்கொண்டது. மலர் ஒன்று வெளியிடவும் முடிவாயிற்று. அதில் சங்கத்தின் வரலாற்றை அப்பாதுரை எழுதவேண்டும்.

மறுநாள் கிருஷ்ணவேணி தாலுகா ஆபீசுக்கு வந்தார். விரலெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது.

"ஒரு கையெழுத்து வேணும் சார். பழைய பாடத்திட்டத்துல பரீட்சை விட்டவங்களுக்கு ஏப்ரல்ல கடைசி சான்ஸ் குடுக்கிறாங்க. காலேஜ் ரிஜிஸ்தரு வெள்ளத்துல கூழாயிடுச்சு. நான் கூடப் படிச்சேன்னு ரெண்டு பேர் எழுதிக் குடுத்தாப் போதும்னு பிரின்ஸ்பால் சொல்றாரு. லியாகத் அலி பாய் போட்டுட்டாரு. இன்னும் ஒண்ணு."

அப்பாதுரை தாசில்தார் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"நான் கிளாஸ்ல இருந்தேனா, இல்லியா?"

"இருந்தீங்கம்மா. நீங்க முதல் பெஞ்சு, நான் நாலாவது. தனிப்பட்ட முறையில எனக்கு நல்லாத் தெரியும். செயலாளர்ங்கிற முறையிலதான் தெரியாது."

"செயலாளரா வேணாம். அப்பாதுரையா போடுங்க."

"ரெண்டு பேருக்கும் ஒரே கையிதானேம்மா?"

கிருஷ்ணவேணி காகிதத்தை மடித்துக்கொண்டார். "அடுத்த மாசக் கடைசிக்குள்ள பீஸ் கட்டணும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

 அன்று சாயங்காலம் அப்பாதுரை தலைவரின் கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். கலியாணசுந்தரம் பொறுமையாக விளக்கினார்.

"நீ கையெழுத்துப் போட்டா அவங்க பரீட்சை எழுதுவாங்க. எழுதினா பாஸ் பண்ணுவாங்க. பாஸ் பண்ணா பழைய மாணவராயிடுவாங்க. ஆயிட்டா தேர்தல்ல நிப்பாங்க. நின்னா ஜெயிப்பாங்க. அப்புறம் சங்கம் என்னாவறதுபா?"

சங்கத்தின் மேல் அவருக்கு இருந்த அக்கறை அப்பாதுரையை உலுக்கிவிட்டது. வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்தச் சரித்திர நோட்டை எடுத்தார். அட்டையில் பெயர், வகுப்பு, வருஷம், பதிவு எண். உள்ளே அவர் பரீட்சையில் எழுதிய பதில்கள் எல்லாம் அவருக்கு முன்பே அழகான கையெழுத்தில் இருந்தன.  பிறகு சங்கத்தின் வரலாற்றை எழுதத் தொடங்கினார்.

மலரின் அச்சுப்படி தலைவர் கைக்குப் போனது. தன்னுடைய பதினொரு புகைப்படங்களையும் அவர் கவனமாகச் சரிபார்த்தார். ஒன்றில் மாலை முகவாயை மறைக்கிறது என்று வருந்தினார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். முப்பத்தோராம் பக்கத்தில் அவர் படம் இல்லாததால் அதைப் புரட்டவில்லை. இரண்டாவது உபகுழுவின் அறிக்கை, நோட்டு அட்டையில் இருந்த விவரங்களோடு, அங்கே இப்படி இருந்தது:

'1958 ஜூன் மாதம் பதிவு எண் 17-இல் சேர்ந்து, மூன்றாண்டுகள் தவறாமல் வகுப்புக்கு வந்து, தேர்வு எழுதாத காரணத்தால் இன்றும் இக்கல்லூரியின் மாணவியாகவே விளங்கும் செல்வி கிருஷ்ணவேணி...'

முதல் பிரதியை அப்பாதுரை தானே சைக்கிளில் கொண்டுபோய் கல்லூரி முதல்வர் தேவசகாயத்திடம் கொடுத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"சங்கமே முடிவு பண்ணி, தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டு, ஐந்நூறு பிரதி அச்சடிச்சிருக்காங்க. இதுக்கு மேல என்னா அத்தாட்சி வேணும்?" என்று மனுவில் முத்திரை குத்தினார்.

ஏப்ரலில் கிருஷ்ணவேணி பரீட்சை எழுதினார். ஜூனில் முதல் வகுப்பில் தேறினார். அதே வாரம் அப்பாதுரைக்கு மதுராந்தகத்துக்கு மாற்றல் வந்தது. நிர்வாகக் காரணம் என்று உத்தரவில் போட்டிருந்தது.

போகும் முன்பு, இப்போது தகுதி வந்துவிட்டதே என்று உறுப்பினர் படிவத்தை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போனார். கிருஷ்ணவேணி தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்து படிவத்தை வாங்கிப் படித்தார். சிரித்தார்.

"வேணாம் சார். எம்.ஏ.வுக்குப் படிச்சிக்கினு இருக்கேன். உங்க சங்கத்துல சேர்ந்தா வேலை ஓடாது."

அடுத்த ஞாயிறு அப்பாதுரைக்கு வழியனுப்புக் கூட்டம். தலைவர் பெரிய மனசோடு ஒரு பொன்னாடை போர்த்தி, சங்கத்தின் வரலாற்றைச் சுருக்கமாக நாலு வரியில் சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டார். அப்பாதுரை எழுந்து தொண்டையைச் செருமினார். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"நம்ம சங்கத்தால பயன் அடைஞ்சவங்க இதுவரைக்கும் ஒரே ஒருத்தர். நாம சேர்த்துக்காததால அவங்க பொழைச்சாங்க. ஒரு பொண்ணு நம்ம கிளாஸ்ல உக்காந்திருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்ல நமக்கு எட்டு வருஷம் பத்தல. அதுக்குள்ள, நாம பாஸ் பண்ண புஸ்தகத்தையெல்லாம் அந்தப் பொண்ணுதான் காய வெச்சுது."

முதலில் கைதட்டியவர் கலியாணசுந்தரம். அவர் அப்போதுதான் கண் விழித்திருந்தார்.