முட்டை யாருடைய சொத்து?

கோழி மறுபடியும் முட்டையிட்டுவிட்டது. தையல்காரருக்கு வியர்த்துக் கொட்டியது.

"அவிச்சுடட்டுமா?" என்றாள் மனைவி.

"கை வைக்காதே! அது சித்தப்பா சொத்து."

தையல்காரரை வளர்த்து ஆளாக்கியவர் சித்தப்பாதான். பக்கவாதம் வந்து அவருக்குப் புத்தி தடுமாறியதும், அவருடைய வீடு, தோட்டம், ஒற்றைக் கோழி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் காப்பாளராகத் தையல்காரரைக் கோர்ட்டு நியமித்தது. "அவர் சொத்தும் உங்க சொத்தும் கலக்கக் கூடாது. அனுமதி இல்லாம எதையும் விக்கக் கூடாது. தப்பு நடந்தா அவரைக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டிவரும்" என்று நீதிபதி எச்சரித்தார். சித்தப்பா இல்லாத வீட்டைத் தையல்காரரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

முட்டையைத் தின்னவும் கூடாது, விற்கவும் கூடாது. வைத்திருந்தால் அழுகிவிடும். யோசித்து யோசித்து, சேர்ந்த முட்டைகளை அடைகாக்க வைத்தார். பக்கத்து வீட்டுச் சேவலின் புண்ணியத்தில் சொத்து பெருகியது.

பெருகிய சொத்து ஒருநாள் தையல்கடைக்குள் புகுந்து, ஒரு மாப்பிள்ளையின் கோட்டு மேல் அசிங்கம் செய்துவைத்தது. மாப்பிள்ளை வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். புதுக் கோட்டு தைத்துக் கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று.

"இந்த நஷ்டத்தை யாரு தர்றது?" என்றாள் மனைவி.

"கோழிக்குச் சொந்தக்காரர்தான்."

"அவருக்குக் கார்டியன் யாரு?"

"நான்."

"கேக்கறது யாரு?"

"அதுவும் நான்தான். அதனாலதான் முறையா நோட்டீஸ் அனுப்பறேன்."

அனுப்பினார். தபால்காரர் அதைக் கொண்டுவந்து நீட்டியபோது, காப்பாளர் என்ற முறையில் வாங்க மறுத்துவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சித்தப்பா, நோய் வந்த பிறகு முதன்முறையாக வயிறு குலுங்கச் சிரித்தார். தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், பக்கத்து வீட்டுக் கோழிகளோடு கலந்துவிடாமல் இருக்க, சித்தப்பாவின் கோழிகள் அத்தனைக்கும் சிவப்புத் துணியில் சட்டை தைத்துப் போட்டார்.

சட்டை போட்ட கோழிகளைப் பார்க்கத் தெருவே திரண்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோர்ட்டு அதிகாரியும் அவருடைய டிரைவரும் உள்ளே வந்தார்கள்.

தையல்காரர் அலறியடித்துக்கொண்டு ஓடினார். "ஐயா, சித்தப்பாவைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க! நல்லாத் தேறிட்டு வர்றாரு, தானா எழுந்து நடமாடறாரு!"

"தெரியும், உக்காருங்க. இன்னிக்கு என்ன கிழமை?"

பதற்றத்தில் கிழமை மறந்துபோயிற்று. "வந்து... செவ்வாயா?"

"கோழிக்கு எதுக்குச் சட்டை?"

"சித்தப்பா கோழின்னு தெரியணும் இல்லீங்களா?"

"உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினது யாரு?"

"நான்தாங்க."

"வாங்க மாட்டேன்னது?"

"அதுவும் நான்தாங்க."

அதிகாரி பெருமூச்சு விட்டுப் பேனாவை மூடினார்.

"என்னையே கேக்கறீங்களே!" தையல்காரர் அழாத குறையாகச் சொன்னார். "அவரை ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க ஐயா!"

டிரைவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நீங்க கோழிக்கு அளவெடுத்துக்கிட்டு இருந்தப்பவே பெரியவர் கோர்ட்டுக்கு வந்து எல்லாக் கேள்விக்கும் டாண் டாண்ணு பதில் சொல்லிட்டாருங்க. 'இத்தனை நாள் என்னைப் பாத்துக்கிட்ட புள்ளையை இனிமே நான் பாத்துக்கறேன்'னு, உங்களுக்குக் கார்டியனா வர மனு போட்டிருக்காரு!"