ரிகர்சல் வக்கீல் குழந்தையான கதை

குற்றத்தைத் தானே ஒருமுறை செய்து பார்க்காமல் ரிகர்சல் வக்கீல் எந்த வழக்கையும் எடுத்ததில்லை. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு திருட்டு வழக்குக்காக எங்கள் சமையலறை ஜன்னலில் பாதி உடம்பை நுழைத்து மாட்டிக்கொண்டார். அம்மா கரண்டியால் நாலு போட்ட பிறகே, "நிறுத்தும்மா, கட்சிக்காரனுக்காக வந்திருக்கேன்" என்றார்.

தொண்ணூறுகளின் கடைசியில் என் அண்ணனைப் போலீஸ் பிடித்துப் போனது. குழந்தையைக் கடத்தினானாம். குழந்தை வேறு யாருமில்லை, இறந்துபோன எங்கள் அக்காவின் மூன்று வயது மகள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொள்ள வேண்டுமே என்று அண்ணன் அவளை ஸ்கூட்டரில் அல்சூர் கோயிலுக்குக் கூட்டிப்போய், குத்திக் கூட்டிவந்திருந்தான். புகார் கொடுத்தவர் அக்கா புருஷன், பீன்யாவில் ஃபாக்டரி வேலை பார்க்கும் எங்கள் மாமா. கொடுக்க வைத்தவர் மாமாவின் அண்ணன். எங்கள் வீட்டு வாசனையே குழந்தைமேல் படக்கூடாது என்பவர்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பி.யு.சி.யில் முதல் வகுப்பு. ஸ்டேஷனில் நான் பேசாமல் யார் பேசுவது? வக்கீலையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"பாப்பா சிரிச்சுக்கிட்டேதான் போச்சு சார். பலவந்தமே இல்ல," என்றேன் இன்ஸ்பெக்டரிடம்.

"பெரியவங்களக் கடத்தினாத்தான் பலவந்தமா, ஏமாத்தானு பாக்கணும்," என்றார் வக்கீல். "பதினெட்டு வயசு ஆவாத பொண்ணுக்கு அது வாணாம். சிரிச்சாலும் கணக்கில்ல, அழுதாலும் கணக்கில்ல. அப்பன் சம்மதிச்சானா, அதான் கேள்வி."

"ஐஸ்கிரீம்கூட வாங்கிக் குடுத்தேன் சார்," என்றான் அண்ணன் லாக்கப்பிலிருந்து.

"வாய மூடு. ஆச காட்டி இட்டுனு போனதும் குத்தம்தான்."

"மாமாதானே சார் அனுப்பினாரு?" என்றான் அண்ணன்.

மூலையில் நின்ற மாமா தரையைப் பார்த்தபடி, "நான் ஷிஃப்ட்டுல இருந்தேன். எனக்குத் தெரியாது" என்றார். பக்கத்தில் அவர் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமா இப்படியே சாதித்தால் அண்ணன் ஜெயிலுக்குப் போவான், பாப்பாவை நாங்கள் இனிப் பார்க்கவே முடியாது. இன்ஸ்பெக்டர் எஃப்.ஐ.ஆர். எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார்.

"எப்படி ஏத்தினான்னு ஒருவாட்டி பாத்துடலாம் சார்," என்றார் வக்கீல்.

"ஏன்ரீ லாயரே, ஸ்டேஷன்ல டிராமாவா?" என்று கன்னடம் கலந்து அதட்டிய இன்ஸ்பெக்டர், தொப்பியை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக எழுந்தார்.

வெளியே அண்ணனின் ஸ்கூட்டர் நின்றது. கான்ஸ்டபிள் பிடியிலேயே அண்ணன் சீட்டில் உட்கார்ந்தான். அறுபது வயது வக்கீல், கறுப்புக் கோட்டும் தொப்பையுமாக முன்பக்கம் ஏறி, ஹேண்டிலைப் பிடித்து நின்றார்.

"நான்தான் பாப்பா."

கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டி சாய்ந்தது. மாமா பாய்ந்து வந்து தாங்கினார். வக்கீலின் காலைப் பிடித்து நகர்த்தி, "பிரேக்கு மேல மிதிக்காதம்மா" என்றார்.

வக்கீல் அவரை நிமிர்ந்து பார்த்தார். "அப்பா, வலிக்குமா?"

"வலிக்காதும்மா. முடிஞ்சதும் ஐஸ்கிரீம் வாங்கித் தரச் சொல்லியிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"டேய்," என்றார் மாமாவின் அண்ணன்.

மாமா வக்கீலின் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "நான்தான் சார் அனுப்பினேன். இவருக்குப் பயந்து மாத்திச் சொல்லிட்டேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

வக்கீல் மட்டும் இறங்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு. இப்படியே வீட்ல விட்டுடுப்பா," என்றார். அண்ணன் மெதுவாக ஓட்டினான். நான் பின்னால் உட்கார்ந்து, எட்டி அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டேன், விழுந்துவிடப் போகிறாரே என்று.