களிம்பு காத்த படலம்

வெறுங்கண்ணுக்குப் புலப்படாததைப் பூதக்கண்ணாடியால் வென்றவனும், வீட்டுவேலை எது சொன்னாலும் ஒற்றைப் புன்னகையால் தட்டிக்கழிப்பவனுமாகிய மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் வாழிய! அவன் வழுக்கை வாழிய! அவனுடைய காசு ஆல்பத்தில் பல் விழுந்த ஈறுபோல் இளித்துக்கொண்டிருந்த அந்த ஒற்றைக் குழியும் வாழிய!

குழி எதற்கென்று கேட்பீராயின் கூறுவோம். இறகுமுடி சூடிய நங்கையின் முகம் பொறித்த பழைய அமெரிக்க ஒரு சென்ட் காசுகளை ஆண்டுவாரியாகச் சிறைபிடித்த நம் வீரனிடம், ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழாம் ஆண்டினள் மட்டும் அகப்படவேயில்லை. கிடைத்தற்கரிய அவளை அன்று காலை பழம்பொருள் சந்தையில் அவன் கண்ட அதே நொடியில், அதே தட்டில், பரம வைரியாகிய பல் மருத்துவனும் கண்டான். ஆகா, முழங்கையோடு முழங்கை மோதியது! தட்டு அதிர்ந்தது, விற்பவரின் தேநீர் கவிழ்ந்தது. தொப்பையென்னும் பெருமதிலால் பகைவனை மறித்து, நம் வீரன் நங்கையை மீட்டான். தோற்றவன் முழங்கினான்: "சாயங்காலம் வீட்டுக்கே வந்து லென்ஸ் வெச்சுப் பார்ப்பேன். தேய்ச்ச காசா இருந்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பேன்!"

தேய்ப்பதாவது! காசு சேர்ப்போர் குலத்தில், காசைத் துலக்குவது காசைக் கொல்வது. காலம் பூசிய பழுப்பும் ஓரத்தில் படிந்த பச்சைக் களிம்புமே அவளுக்கு மானம். அது போனால் மதிப்பும் போயிற்று. மாலையில் வீரன் அவளை மேசைமேல், வலிமருந்து ட்யூபுக்குப் பக்கத்தில், மெத்தென்ற துணியில் கிடத்தி, காவலுக்குத் தன் மனைவியின் தம்பியை, பித்தளைப் பாலிஷ் பட்டறையில் பெயரெடுத்த மச்சினனை, நிறுத்தினான். அறிவுடையோர் இங்கே ஒரு பெருமூச்சு விடுக. குளிக்கப் புகுமுன் ஆணையிட்டான்: "மாப்ளே, என்ன ஆனாலும் சரி, களிம்பை மட்டும் தொட்டுடாதே!"

"சத்தியமா தொட மாட்டேன் மாமா!" என்று சூளுரைத்தான் மச்சினன்.

வெற்றிக் களிப்பில் பாடிக்கொண்டே நீராடி, ஈரத்தலையோடு மீண்ட வீரன் கண்கூசி நின்றான். மேசைமேல் ஒரு குட்டிச் சூரியன்! நங்கையின் இறகுமுடி, கடையில் அன்று வாங்கிய குடம்போல் மின்னியது. பழுப்பில்லை, பச்சையில்லை. வீரனின் நெஞ்சு உடைந்தது. விளையாட்டில்லை, உண்மையாகவே உடைந்தது.

காவலனோ மார்தட்டிக்கொண்டான்: "முட்டி என்னமா வலிச்சுது தெரியுமா மாமா? ஆனாலும் நீங்க சொன்ன களிம்பைத் தொடவே இல்ல. பாருங்க, ட்யூப் அப்படியே இருக்கு! சும்மா உட்கார முடியல, அதான் இந்தக் காசைக் கொஞ்சம் தேய்ச்சு வெச்சேன்."

அக்கணமே வாசலில் பல் மருத்துவனின் அழைப்புமணி போர்ச்சங்கென முழங்க, புவி நடுங்க, மச்சினன் நடுங்க, ஓங்கியெழுந்த வீரக்கரம் வாளொன்று தேடி மேசையெங்கும் துழாவி, அகப்பட்டதை இறுகப் பற்றியது.

கடைக்காரர் ட்யூபைத் திறந்து நெற்றியில் கொஞ்சம் தடவிக்கொண்டு, போய்க் கதவைத் திறந்தார்.