இழுவைப் படகுகளின் இறுதி ஆட்டம்

"நாளைக்கு வர வேண்டிய கப்பல் இன்னைக்கே வந்து நிக்குதா? யாரு உங்களை அவ்வளவு வேகமா ஓட்டச் சொன்னது?"

போனில் முதலாளி கத்திய கத்தலில் காரியதரிசி அம்மாள் டைப் அடிப்பதை நிறுத்தினாள். ஒன்பது கப்பல்களுக்குச் சொந்தக்காரர். தாமதத்துக்கு அவர் திட்டுவதைப் பார்த்திருக்கிறாள். சீக்கிரம் வந்ததற்குத் திட்டுவது இதுதான் முதல் தடவை.

"கடல் அமைதியா இருந்துச்சு சார்," என்றார் கேப்டன், பாராட்டை எதிர்பார்த்து ஏமாந்தவராக. "கார் ஏத்த நாலு மணிக்கு உள்ளே வரச் சொல்லியிருக்காங்க."

நாலு மணி!

நாலு மணிக்குத்தான் கால்பந்து இறுதி ஆட்டம். கப்பலைக் கரை சேர்க்க அவருடைய இரண்டு இழுவைப் படகுகளும் வேண்டும். அந்தப் படகுகளின் ஆட்கள் பதினோரு பேர்தான் முதலாளியின் அணி. பூட்ஸ் முதல் முழங்கால் தைலம் வரை அவர் செலவு. ஆறு வருடம் இறுதி ஆட்டத்துக்கு வந்து, ஆறு வருடமும் சுங்கத்துறை அணியிடம் உதை வாங்கியாயிற்று. இந்த வருடமாவது அந்தக் கோப்பையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

"வெளியிலேயே நில்லுங்க. நாளைக்கு வரலாம்."

"சும்மா நின்னா வரிசையில ஒரு வாரம் பின்னாடி தள்ளிடுவாங்க சார்."

"அப்ப எஞ்சின் கோளாறுன்னு சொல்லுங்க!"

பத்தே நிமிடம். துறைமுக அதிகாரி அழைத்தார்.

"கவலையே படாதீங்க. கப்பல் பாறைப் பக்கம் ஒதுங்கிடக் கூடாதேன்னு உங்க ரெண்டு படகையும் அனுப்பிட்டேன். காலையில வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க."

"பதினோரு பேருமா?"

"ஜெர்ஸியோடவே போனாங்க, பாவம்."

முதலாளி உட்கார்ந்தார். எழுந்தார். "எஞ்சின் நல்லாத்தான் இருக்காம். எஞ்சினியருக்குக் காய்ச்சல், அதான் நிறுத்தி வச்சிருந்தாராம். படகுகளைத் திருப்பிக் கூப்பிட்டுடுங்க."

"காய்ச்சலா?" குரல் மாறியது. "அப்ப துறைமுக டாக்டர் போய்ப் பார்க்கணும். அவர் கையெழுத்துப் போடாம யாரும் அங்கேயிருந்து நகரக் கூடாது, படகுக்காரங்க உட்பட. இதோ அனுப்பறேன்."

"ஐயையோ, வேற டாக்டர் இல்லையா?"

"ஏன், இவருக்கு என்ன?"

"இன்னைக்கு ரெஃபரியே அவர்தாங்க!"

ஆட்டம் பார்க்கப் புறப்பட்டு வந்த மனைவி, கதை முழுவதையும் நின்றபடியே கேட்டாள்.

"உங்களுக்குத்தான் பொய் சொல்ல வராதே. பெண் பார்க்க வந்தப்பவே தெரியும்."

"அப்ப என்ன சொன்னேன்?"

"ஆறடி உயரம்னீங்க. பேசாம உண்மையைச் சொல்லித் தொலைங்க."

தொலைத்தார். துறைமுக அதிகாரியைக் கூப்பிட்டு, எஞ்சின் கோளாறும் இல்லை, காய்ச்சலும் இல்லை என்றார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை. அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை. அடுத்த அழைப்பு சுங்க அதிகாரியிடமிருந்து வந்தது.

"முதல்ல எஞ்சின்னீங்க, அப்புறம் காய்ச்சல்னீங்க, இப்ப ரெண்டும் இல்லைங்கறீங்க. எதையோ ஒளிச்சு வைக்க நேரம் வாங்கறீங்களோ? பதினோரு பேரைப் போட்டிருக்கேன். கப்பலையே சல்லடையாச் சலிச்சுடுவாங்க."

"எந்தப் பதினோரு பேர்?"

"என் ஆபீஸ்ல ஓடக்கூடியவங்க வேற யார் இருக்கா?"

மாலை ஐந்தே முக்கால். மைதானத்தில் ஆறாயிரம் பேர். கோடு போட்டாயிற்று, வலை கட்டியாயிற்று, மேஜைமேல் கோப்பை பளபளத்தது. ஆடத்தான் ஆளில்லை. விசில் ஊதவும் ஆளில்லை.

"ஏதாவது சொல்லுங்க சார். நாற்காலியைத் தூக்க ஆரம்பிச்சுட்டாங்க," என்றாள் காரியதரிசி.

முதலாளி மைக்கைப் பிடித்தார்.

"ஆட்டம் கெட்டது என்னாலதான். ஜெயிக்கணும்கற ஆசையில பொய் சொன்னேன். அதுக்கு இதுதான் தண்டனை. கோப்பை சுங்கத்துறைக்கே!"

கைதட்டல் வானைப் பிளந்தது. ஆறு வருடப் பாரம் இறங்கியதுபோல அவருக்கு மனசு லேசாகிவிட்டது. சிரித்துக்கொண்டே கோப்பையைத் தூக்கிப் பக்கத்தில் நின்ற சுங்க அதிகாரியிடம் நீட்டினார். அவரும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

காரியதரிசி போனோடு ஓடிவந்து, மூச்சு வாங்க, அதை அப்படியே மைக்கில் வைத்தாள்.

"முதலாளி, கப்பல் சமையல்காரன் பேசறேன்! டாக்டர் யாரையும் நகர விடலை, கார் நிறுத்தற தளம் காலியாக் கிடந்துச்சு, சரியா நாலு மணிக்கு விசிலை ஊதிட்டார். ரெண்டுக்கு ஒண்ணு நாம ஜெயிச்சாச்சு, கோப்பையை மட்டும் யார் கையிலயும் கொடுத்துடாதீங்க!"