துண்டுக்குள் வரைந்த காளை

மண்பானைக்குப் பல் பிடித்துப் பார்த்த ஓவியர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் துண்டு அண்ணாச்சி.

எழுபதுகளின் கடைசி. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் நான் கிளார்க். ஒரு டிராயிங் மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பள்ளிக்கூட வகுப்பறையில் பெரியவர்களுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுத்தார். ஒரு கம்பவுண்டர், ஒரு டெய்லர், நான் என்று எல்லோரும் மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்திருப்போம். இடைசெவல் பக்கமிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தார் அண்ணாச்சி. வயது ஐம்பதுக்கு மேல். தொழில் மாட்டுத் தரகு.

முதல் நாள் மேஜையில் ஒரு பானையை வைத்து, பார்த்து வரையச் சொன்னார் மாஸ்டர். அண்ணாச்சி எழுந்து போய் அதை ஒரு சுற்று சுற்றினார். முதுகைத் தடவினார். தட்டினார். மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு வந்து உட்கார்ந்தார். அப்புறம் தோள் துண்டால் தாள், பென்சில், கை எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, பானையை விட்டுக் கண்ணை எடுக்காமல் வரைய ஆரம்பித்தார்.

சந்தையில் மாட்டுக்கு விலையை வாயால் பேசுவதில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். அப்படியே பழகிய கை, வெளிச்சத்துக்கு வந்தால் கூசியது. துண்டை எடுத்தால் பென்சில் ஓர் அங்குலம் நகராது. யாராவது எட்டிப் பார்த்தால், விலை தெரிந்துவிட்ட மாதிரி பதறி மூடுவார். உள்ளேயிருந்து வந்த பானைக்கு வாய் ஒரு பக்கம், வயிறு ஒரு பக்கம். ஆனாலும் எங்கள் ஒழுங்கான பானைகளை விட்டுவிட்டு, அதில்தான் தண்ணீர் மொள்ளலாம் போலிருந்தது. எனக்குப் பொறாமைதான்.

மாஸ்டர் பிடிவாதக்காரர். ஒரு ஞாயிறு துண்டைப் பிடுங்கி ஜன்னலில் போட்டுவிட்டார். அண்ணாச்சி பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மழையில்லாத வருசம் வீட்டுல நின்ன செவலக் காளைய வித்துட்டேன் சார். எம் பொஞ்சாதி கன்னுல இருந்து வளத்தது. ஏன்னு ஒரு வார்த்த கேக்கல. இன்னைக்கும் அவன் நின்ன எடத்தத் தெனம் கூட்டுதா. இந்தக் கைதான் துண்டுக்குள்ள அவன வித்துச்சு. இதே கைதான் அவன வரைஞ்சு குடுக்கணும்."

மாஸ்டரே போய்த் துண்டை எடுத்து வந்து அவர் கைமேல் விரித்தார்.

கடைசி வகுப்புக்கு வீட்டாரையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். அண்ணாச்சியின் மனைவி கதவோரமாக நின்றார். எல்லோர் படமும் சுவரில் இருந்தது; அண்ணாச்சியுடையது அந்தச் செவலைக் காளை. கம்பவுண்டர் எண்ணிப் பார்த்து, காளைக்கு ஐந்து கால் என்று சிரித்தார். அண்ணாச்சியின் முகம் சுண்டிப்போயிற்று.

அந்த அம்மா படத்துக்குக் கிட்டே போய் வெகுநேரம் பார்த்தார். பிறகு கம்பவுண்டரிடம் திரும்பினார்.

"அது காலு இல்ல, வாலு. ஈ விரட்டுதான்."

படத்தைச் சுவரிலிருந்து அவரே எடுத்தார். கணவரின் தோளிலிருந்த துண்டை உருவி அதில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "வாங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவோம்" என்றார்.

விடைபெற என்னிடம் வந்தார் அண்ணாச்சி. துண்டில்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் என் பக்கம் நீட்டினார். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, அதைப் பிடித்துக்கொண்டேன். விட மனசே வரவில்லை.