மின்சித்தரும் மூன்று மணித் தோஷமும்

பொன்னமராவதி கடைவீதியில் கூட்டம் தாங்கவில்லை. தேரா, திருவிழாவா? அதெல்லாம் இல்லை. அரசாங்க மனுக்களைப் பதிவு செய்யும் கோபிநாத்தின் கம்ப்யூட்டர் சென்டருக்குத் தோஷம் கழிக்க மின்சித்தர் ரெங்கசாமி வந்திருந்தார். போன மாதம்வரை பேயோட்டியவர். பேய் வரத்து குறைந்ததும் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டார். பிழைக்கத் தெரிந்த சித்தர்!

ஒரு மாதமாக இதே கூத்துதான். காலையில் ஓடும் மெஷின் மூன்று மணிக்குப் படுத்துவிடும். சித்தர் மணியடித்து மந்திரம் சொல்லுவார். "தோஷம் இருட்டுலதான் எறங்கும்" என்று மெயின் சுவிட்சை அணைப்பார். கற்பூரம் காட்டி மறுபடி போடுவார். மெஷின் பறக்கும், கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். மறுநாள் மூன்று மணிக்குத் தோஷம் டாணென்று திரும்பி வரும். நம் ஊர் பஸ்ஸுக்குக்கூட அந்த ஒழுங்கு கிடையாது. கோபிநாத் போர்டே எழுதி மாட்டிவிட்டார்: 'மூன்று மணிக்குப் பூஜை. மனு வாங்கப்படாது.'

அன்றைக்குச் சித்தர் ஆபரேட்டர் திலகவதியைக் கைகாட்டினார். "இந்தப் பொண்ணு கேட்டை நட்சத்திரம். மெஷினுக்கு ஆகாது. மாத்திருங்க."

நான்கு வருட வேலை. திலகவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாமி, இன்னைக்கு சுவிட்சைத் தொடாம மந்திரத்த மட்டும் சொல்லுங்க. மெஷின் எந்திரிச்சா நானே போயிர்றேன்."

"அதானே, சொல்லுங்க சாமி!" என்றார் பட்டா நகலுக்குக் காத்திருந்த மூக்கன்.

அரை மணி நேரம் மணி அடித்தது. மூன்று கட்டிக் கற்பூரம் கரைந்தது. மெஷின் அசையவே இல்லை.

"நம்பிக்கையில்லாத எடத்துல தெய்வம் எறங்காது!" என்றார் சித்தர்.

திலகவதி எழுந்துபோய்ச் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டாள். மந்திரமும் இல்லை, கற்பூரமும் இல்லை. மெஷின் பறந்தது.

"எனக்கும் அருள் வந்துருச்சு போலருக்கு" என்றாள்.

சிரிப்பு அடங்கும்போது சித்தர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னதாம்மா கோளாறு?" கோபிநாத் விழித்தார்.

"போன மாசம் போட்ட புரோகிராம்தாண்ணே. மனு ஒவ்வொண்ணுக்கும் ஃபைல் சிஸ்டத்தத் தொறந்து மூடுது. தொறக்கும்போது மெமரியில கொஞ்சம் எடம் வாங்குது. பஃபர்னு பேரு. மூடும்போது அதத் திருப்பிக் குடுக்கறதில்ல. கல்யாணம் முடிஞ்சு பந்தலப் பிரிச்சாச்சு, வாடகைப் பாத்திரம் மட்டும் திரும்பி வரல. ஒரு நாளைக்கு நூறு கல்யாணம். மூணு மணிக்குக் கடையில ஒரு கரண்டிகூட மிச்சமில்ல. கரெண்ட அணைச்சா எல்லாம் கடைக்குத் திரும்பிருது. அதுதான் இவரு மந்திரம்!"

புரோகிராம் எழுதியவருக்கு அவளே போன் போட்டாள். 'வாங்கிய பஃபரையெல்லாம் கொடுத்துவிட்டு, அப்புறம் மூடு' என்று அவர் இரண்டு வரி சேர்த்தார்.

மறுநாள் மூன்று அடித்தது, ஆறும் அடித்தது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கோபிநாத் போர்டைக் கழற்றினார்.

கற்பூரத்தோடு வந்த மீனம்மாளுக்கு மட்டும் ஏமாற்றம். "சித்தர் இனி வரமாட்டாராம்மா? எங்க வீட்டு மிக்ஸிக்கு ஒரு மந்திரம் சொல்லணுமே!"

"மெஷினே வாங்குனதத் திருப்பிக் குடுக்கப் பழகிருச்சு ஆத்தா" என்றாள் திலகவதி. "நீங்க மொதல்ல சித்தர்கிட்டக் குடுத்த மூளையத் திருப்பி வாங்குங்க. மிக்ஸிய அப்பறம் பாப்போம்."