கொடுக்கனும் மூன்று மணிப் படகும்

உலகத்தில் உள்ளவர்களை இரண்டாகப் பிரிக்கலாம். கையில் கிடைத்ததைக் கொண்டு உடனே அடிப்பவர்கள் ஒரு சாதி. அடிக்க முதல் கத்தியைத் தீட்டுகிறவர்கள் மற்றச் சாதி. நான் இரண்டாவது சாதியில் தலைமகன். சாதாரணதரப் பரீட்சைக்கு நான் கீறிய நேரசூசியைப் பார்க்க அயல் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் வந்து போனார்கள். கணிதத்துக்கு நீலம், விஞ்ஞானத்துக்குப் பச்சை, சமயத்துக்கு மஞ்சள் என்று ஐந்து நிறத்தில் அப்படியொரு அழகு. கீறி முடிக்கும்போது பரீட்சைக்கு நாலு நாள் இருந்தது. (சமயம் திறமாகச் செய்தேன். கணிதத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.)

இந்தக் குணத்தோடு எனக்கு இருபத்துநாலு வயதில் ஒரு பூதச் சண்டை விளையாட்டு அகப்பட்டது. கைத்தொலைபேசியில் பூதங்களை வளர்த்து மோதவிடுவது. சட்டம் சுலபம். ஒரு சுற்றில் ஒரு காரியம்தான் செய்யலாம். ஒன்றில் எதிரியை அடிக்கலாம், இல்லையென்றால் அடிக்காமல் நின்று பூதத்தின் பலத்தை ஏற்றலாம், பட்ட காயத்தை ஆற்றலாம். அடித்தால் எதிரிக்கு இப்போதே நோகும். ஏற்றினால் அந்தச் சுற்று வீண், எதிரி உங்களைச் சாத்துவான். ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் கொடுக்கும் அடி பெரிதாக விழும். ஒரு பூதத்துக்கு ஆறு தரம் மட்டும் ஏற்றலாம்.

எங்கள் ஊர் புளியங்கூடலில் என் வயதுப் பெடியள் எல்லாரும் அடிகாரர்கள். தொட்டவுடன் அடி, அடி என்று அடித்து, பாதியில் மூச்சுவாங்கி விழுவார்கள். என்னிடம் கொடுக்கன் என்று ஒரு நண்டுப் பூதம் இருந்தது. அதற்குக் 'கொடுக்குத் தீட்டல்' என்று ஒரு வித்தை. நான் முதல் மூன்று சுற்றும் தீட்டுவேன். அவர்கள் சிரித்துச் சிரித்து அடிப்பார்கள். நாலாவது சுற்றில் கொடுக்கன் ஒரு தட்டுத் தட்டும். பிறகு சிரிப்பில்லை. ஊரில் என்னை வெல்ல ஆளில்லாமல் ஒரு வருடம் போனது. இதை எழுதும்போதும் முதுகு தானாக நிமிர்கிறது.

அந்த நேரத்தில்தான் சுதா அக்காவின் கலியாணம் வந்தது. அதோடு சேர்ந்து எங்கள் வீட்டார் ஒரு பிழையும் விட்டார்கள். எழுவைதீவில் இருக்கும் சின்னராசா மாமாவுக்கு, அம்மாவின் ஒரே தம்பிக்கு, கலியாணத்தைத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லவில்லை. இடையில் கடல் இருக்கிறது, வேலை இருக்கிறது என்று அப்பா சாட்டுச் சொன்னார். மாமா பதிலுக்கு 'சந்தோசம்' என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தார். அம்மாவுக்கு அந்த ஒரு சொல்லில் எல்லாம் விளங்கிவிட்டது.

கலியாண நாள் காலையில் பொம்பிளையை, அதாவது கலியாணப் பெண்ணை, முழுகவார்க்க முதல், தலையில் பாலும் அறுகம்புல்லும் வைப்பார்கள். எங்கள் வீடுகளில் முதல் கை தாய்மாமனுடையது. அந்த மனிசன் வராவிட்டால் அக்காவுக்கு அது ஆயுளுக்கும் ஒரு குறை. அம்மா முதல் நாள் காலையே என்னை எழுவைதீவுக்குக் கலைத்தார்.

"வெத்திலையை வைச்சு, காலிலை விழுந்தெண்டாலும் கூட்டிக்கொண்டு வா. மூண்டு மணிப் படகை விட்டியோ, நாளைக்குக் காலமைப் படகு வந்து சேரேக்கை இஞ்சை தாலி கட்டி முடிஞ்சிடும். விளங்குதே?"

"ஓம் அம்மா."

"ஓம் எண்டுதான் எல்லாத்துக்கும் சொல்லுவாய்."

எழுவைதீவில் இறங்கிப் போனபோது மாமி, பூமணி மாமி, வீட்டுப் படலையில் நின்றார். பையை ஏற்கெனவே அடுக்கி விறாந்தையில் வைத்திருந்தார். "நான் முந்தநாளே வெளிக்கிட்டிட்டன் தம்பி. உன்ரை மாமாதான் இன்னும் வெளிக்கிடேல்லை. அந்தாள் உடம்பாலை இருக்குது, மனம் கோவத்திலை எங்கையோ நிக்குது" என்றார்.

மாமா கதிரையில் இருந்து தொலைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெற்றிலைத் தட்டை நீட்டினேன். எடுத்தார், பக்கத்தில் வைத்தார். சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டேன். கலியாணத்தைத் தவிர எல்லாம் கதைத்தார். இரண்டு மணியாகிவிட்டது. அப்போதுதான் அவருடைய தொலைபேசியில் இருந்து எனக்குப் பழக்கமான ஒரு சத்தம் கேட்டது. பூதம் ஒன்று முழங்குகிற சத்தம்.

"மாமா, நீங்களும் உந்தப் பூதச் சண்டை விளையாடுறியளோ?"

"பிரான்சிலை இருக்கிற என்ரை மோன் போட்டுத் தந்தவன். அவனோடை கதைக்கிறதை விட அடிபடுறது சுகம்." கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நீ புளியங்கூடலிலை பெரிய ஆளாமே? சரி. ஒரு பூதம், ஒரு சண்டை. நீ வெண்டால் வாறன். நான் வெண்டால் நீ தனியப் போ. உன்ரை அப்பரிட்டைச் சொல்லு, சின்னராசனுக்குத் தொலைபேசியிலை சொன்னதுக்கு அவன் தொலைபேசியிலை பதில் தந்திட்டான் எண்டு."

நான் உள்ளுக்குள் துள்ளினேன். காலில் விழச் சொல்லி அனுப்பினார்கள், இவர் என்னுடைய காணிக்குள் வந்து நிற்கிறார். நேரம் இரண்டேகால். இறங்குதுறை விறாந்தையில் இருந்தே தெரிகிறது. ஐந்து நிமிடத்தில் முடித்து, பத்து நிமிடத்தில் வெளிக்கிடுத்தி, படகில் சாய்ந்திருந்து போகலாம் என்று கணக்குப் போட்டேன்.

நான் கொடுக்கனை இறக்கினேன். மாமா ஒரு ஆமைப் பூதத்தை இறக்கினார்.

முதல் சுற்று. நான் கொடுக்குத் தீட்டினேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, ஆமையின் நாலு வித்தைகளையும் வாய்விட்டு வாசித்து, யோசித்து, ஒன்றைத் தட்டினார். ஆமை 'ஓடு தடிப்பாக்கல்' செய்தது, இனி அதன்மேல் விழும் அடி குறைவாக நோகும். எனக்குச் சிரிப்பு வந்தது. என் வாழ்க்கையில் முதல்தரம் இன்னொரு தீட்டுகாரனைச் சந்திக்கிறேன், அதுவும் என் சொந்த இரத்தத்தில்.

இரண்டாம் சுற்று. நான் தீட்டினேன். அவர் தடிப்பாக்கினார். மூன்றாம் சுற்றும் அப்படியே. மாமா ஒவ்வொரு தரமும் நாலு வித்தையையும் புதிதாக வாசிப்பதுபோல் முதலில் இருந்து வாசித்தார். போன சுற்றில் இருந்த வித்தை இந்தச் சுற்றில் மாறிப்போயிருக்கும் என்று பயந்தாரோ தெரியாது.

மாமி சேலை மாற்றிக்கொண்டு வந்து, எங்கள் இரண்டு பேரின் தோளுக்கு மேலாலும் எட்டிப் பார்த்தார்.

"ஆர் வெல்லுறது?"

"இன்னும் அடிபடேல்லை மாமி."

"அப்ப இவ்வளவு நேரமும் என்ன செய்தனியள்?"

"நான் கொடுக்குத் தீட்டுறன். மாமா ஓடு தடிப்பாக்கிறார்."

மாமி மாமாவைச் சுட்டிக் காட்டினார். "கலியாணம் கட்டின புதுசிலை நானும் உந்தாளும் உப்பிடித்தான். ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்காமல் ரெண்டு கிழமை மூஞ்சையைத் தடிப்பாக்கிக்கொண்டு இருந்தனாங்கள்."

"சும்மா இரப்பா" என்றார் மாமா, ஆமையின் மூன்றாவது வித்தையை வாசித்துக்கொண்டே.

எனக்கு ஒரு விசயம் விளங்கியிருக்க வேண்டும். தீட்டுவதற்கு நேரம் வேண்டும். மாமா தன் வீட்டு விறாந்தையில், தன் கதிரையில் இருக்கிறார். அவருக்குப் பிடிக்கப் படகில்லை. எனக்குத்தான் இருக்கிறது. புத்தியுள்ளவன் நாலாம் சுற்றில் அடித்திருப்பான். நானோ, அவருடைய ஓடு மூன்று மடிப்புத் தடித்துவிட்டது, இனி இன்னும் மூன்று தரம் தீட்டாமல் அடித்தால் கொடுக்கு முறியும் என்று நினைத்தேன். நாலு, ஐந்து, ஆறு. அவரும் நாலு, ஐந்து, ஆறு. படகு துறைக்கு வந்து கட்டியது. சனம் ஏறத் தொடங்கியது.

"இஞ்சருங்கோ, படகு வந்திட்டுது" என்றார் மாமி.

"ஒரு நிமிசம் மாமி. இப்ப அடிக்கப் போறன்."

"நான் போய் அவங்களை மறிச்சு வைக்கிறன். நீங்கள் பின்னாலை ஓடி வாங்கோ." மாமி பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

இப்போது அடிக்க வேண்டியதுதான். விரலை நீட்டினேன். நீட்டிய விரல் நடுவழியில் பயந்தது. பயந்த விரல் எங்கே போகும்? பழகிய இடத்துக்குப் போனது. ஏழாவது தரமும் தீட்டலைத் தட்டிவிட்டேன். 'இதற்கு மேல் கூராகாது' என்று எழுத்து வந்தது. மாமா முதல்தரம் சிரித்தார். ஒரு சுற்று முழுதாகப் போய்விட்டது.

படகு ஒருதரம் ஊதியது. நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். ஆறு தரம் தீட்டிய கொடுக்கு, ஆறு மடிப்புத் தடித்த ஓட்டில் விழுந்தது. ஆமைக்கு மூன்றில் ஒரு பங்கு உயிர் குறைந்தது.

மூன்றில் ஒரு பங்கு. அதை எங்கேயோ பார்த்த நினைவு. முதல் சுற்றில், ஒன்றுமே தீட்டாமல் அடித்திருந்தாலும் அதே அளவுதான் குறைந்திருக்கும். நான் ஏற்றினதை அவர் ஏற்றினது தின்றுவிட்டது. முக்கால் மணித்தியாலம் இரண்டு பேரும் மூச்சுப்பிடித்து ஏறி, ஏறின இடத்திலேயே நிற்கிறோம். மாமா ஆற அமர வாசித்து, 'காயம் ஆற்றல்' தட்டினார். ஆமை புதுசுபோல் எழும்பியது.

படகு இரண்டாம் தரம் ஊதியது. நிமிர்ந்து பார்த்தேன். மறிக்கப் போன மாமி மறிக்கவில்லை. பையை முதலில் ஏற்றி, தானும் ஏறி, ஓரத்தில் வசதியாக இருந்துகொண்டு எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். வாங்கோ என்று காட்டினாரா, போயிட்டு வாறன் என்று காட்டினாரா என்பது இன்றுவரை தீரவில்லை. படகு விலகியது.

அக்காவின் முகம் எனக்கு முன்னால் வந்தது. இனி ஆயத்தம் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. அடித்தேன்.

அந்த விளையாட்டில் எப்போதாவது ஒருதரம் அடி இடுக்கில் விழும். அப்படி விழுந்தால் எதிரி ஏற்றி வைத்த தடிப்பு ஒன்றும் கணக்கில் இல்லை. கொடுக்கனின் ஆறு தீட்டலும் ஓட்டின் இடுக்கால் ஒன்றாக இறங்கின. திரை வெள்ளையாகியது. ஆமை மல்லாந்து கிடந்தது. முழு உயிரும் ஒரே அடியில். அப்படியொரு அடியை நான் அதற்கு முதலும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. அது அதிர்ஷ்டம் என்று மாமா இப்போதும் வாதாடுவார். அதிர்ஷ்டம்தான். ஆனால் தீட்டாத கொடுக்கு இடுக்கில் விழுந்திருந்தால் ஆமை தும்மியிருக்கும், அவ்வளவுதான். இந்தக் கட்சியில் இருந்து நான் ஒருநாளும் இறங்கமாட்டேன்.

மாமா தொலைபேசியை மடியில் வைத்தார். "நல்ல அடி. சரி, வாறன்."

"எதிலை மாமா?"

இரண்டு பேரும் கடலைப் பார்த்தோம். மாமியின் சிவப்புச் சேலை ஒரு பொட்டுப்போலத் தெரிந்தது.

மாமா சொன்ன சொல் மாறாத மனிசன். அயலில் இருந்த அந்தோனி அண்ணையிடம் போய் நின்றார். அவர் விடியப்புறம் ஊர்காவற்றுறைக்கு மீன் கொண்டுபோகிறவர். "கூட்டிக்கொண்டு போறன், ஆனால் பாரை மீனுக்குப் பக்கத்திலைதான் இடம்" என்றார். மறுநாள் கிழக்கு வெளுக்கையில் ஏறினோம். கடல் கொஞ்சம் கொந்தளிப்பு. மீன்பெட்டிகள் வழுக்காமல் பிடிப்பதற்காக மாமா ஒன்றைக் கட்டிப்பிடித்தார், நான் ஒன்றைக் கட்டிப்பிடித்தேன்.

கலியாண வீட்டுப் படலைக்கு வந்தபோது எங்களுக்கு முன்னால் எங்கள் மணம் உள்ளே போய்விட்டது. ஐயர் மூக்கைப் பொத்தினார். மூன்று நாளாகச் சைவமாக இருக்கும் வீடு. மாமி முதல் நாளே வந்து கதையை எல்லாருக்கும் பரிமாறி வைத்திருந்தார். "படகு போயிட்டுது, அவங்கள் ரெண்டு பேரும் அங்கையிருந்து தீட்டிக்கொண்டிருக்கிறாங்கள்" என்று. எங்களைக் கண்டதும் பந்தல் முழுக்கச் சிரித்தது.

அம்மா சிரிக்கவில்லை. தம்பியை ஒரு கையிலும் மகனை மறு கையிலும் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துப் போய், வாளி வாளியாக அள்ளி ஊற்றினார். ஒரு வாளி ஊற்றுவதும், "தொலைபேசியிலை சொன்னது பிழைதானடா தம்பி" என்று மாமாவிடம் அழுவதும், அடுத்த வாளி ஊற்றுவதும். மாமாவும் அழுதார் என்றுதான் நினைக்கிறேன், தண்ணீரில் தெரியவில்லை. வீடியோ எடுக்க வந்த பெடியன் இதுவும் சடங்கில் ஒரு பகுதி என்று நினைத்து, சுற்றிச் சுற்றி நின்று முழுவதையும் எடுத்துவிட்டான். அக்காவின் கலியாண வீடியோ நாங்கள் முழுகுவதில்தான் தொடங்குகிறது. கனடாவில் இருந்து பெரியம்மா அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசி எடுத்து, "இது மாப்பிள்ளை பகுதியின்ரை வழக்கமோ?" என்று கேட்டார்.

ஈரத் தலையோடு மாமா வந்து, முதல் கையாக அக்காவின் தலையில் பாலறுகு வைத்தார். அடுத்துப் பக்கத்தில் நின்ற என்னை அக்கா குனிந்த தலையோடு கேட்டார்.

"வெண்டனியோ?"

"ஓம்."

"எத்தினை அடியிலை?"

இரண்டு என்பதுதான் உண்மை. "ஒண்டிலை" என்றேன். அக்காவின் தோள் சிரிப்பில் குலுங்கியது.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எவரும் எதிலும் சுணங்க முடியாது. குசினியில் கறிக்கு வெட்டச் சுணங்கினாலும், வேலணைக்குப் போக வெளிக்கிடச் சுணங்கினாலும், "தீட்டினது காணும், இனி அடி" என்று ஒரு குரல் வரும். மூன்று வருடம் கழித்து எனக்கும் கலியாணம் நடந்தது. தாலியைக் கையில் எடுத்துவிட்டு, முடிச்சுக்கு இரண்டு நுனியையும் சமமாக இழுத்துப் பிடித்து, சரிபார்த்து, திரும்பவும் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற பூமணி மாமிக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, ஆறு தரம் ஆச்சு. இனிக் கூராகாது, கட்டு."

கட்டினேன். என் வீடியோவில் மேளத்தை விட மாமியின் குரல்தான் கூடக் கேட்கிறது. பொம்பிளை தாலியேறும் நேரத்தில் வாய்விட்டுச் சிரிக்கிற படம் எங்கள் தீவிலேயே எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாருக்கும் அதை நானே எடுத்துக் காட்டுவேன்.